கயிற்றை உருவிய பிறகு

1. சொன்ன பொய்

எனக்கு நீச்சல் தெரியாது. தெரியும் என்று எங்கள் சப்-டிவிஷன் அதிகாரி எஸ்.டி.ஓ.விடம் சொன்னேன். என் சர்வீஸில் மேலதிகாரியிடம் நான் சொன்ன பெரிய பொய் அதுதான். சொன்ன இடம், அஞ்செட்டியைத் தாண்டிக் காட்டுக்குள் போட்டிருந்த சர்வே கேம்ப். ஐம்பதுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதம்.

கிருஷ்ணகிரியில் அணை வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. நான் அங்கே டிராயிங் ஆபீஸில் ஓவர்சியர். வயது இருபத்து நாலு. ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமத்துக்காரன். எங்கள் ஊரிலும் கிணறுகள் இருந்தன. குதித்து நீந்துகிற அளவுக்குத் தண்ணீர் இருந்து நான் பார்த்ததில்லை.

காவிரிக்கு இந்தப் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கும் ஓடைகளில் எங்காவது சின்ன அணை கட்ட முடியுமா என்று பார்க்க ஒரு சர்வே பார்ட்டியை அனுப்பினார்கள். அதில் நானும் ஒருவன். எங்களுக்குக் கொடுத்த ஓடை, முள்காட்டில் நாலைந்து மைல் சாதாரணமாக வந்து, ஒரு கரும்பாறை மேட்டில் பூமிக்குள் புகுந்துவிடும். மேலே நின்று பார்த்தால் பாறையில் ஒரு வெடிப்பு, அவ்வளவுதான். சில இடங்களில் ஒரே எட்டில் தாண்டிவிடலாம். கீழே நூறடிக்கு மேல் ஆழம். முக்கால் மைல் அப்படியே உள்ளுக்குள் ஓடி, கடைசியில் காவிரியில் போய் விழும். அங்கே மாடு மேய்க்கிறவர்கள் அதைக் ‘கத்தலெ கணிவெ’ என்பார்கள். கன்னடத்தில் இருட்டுப் பள்ளம் என்று அர்த்தம்.

பத்து நாள் அதன் விளிம்பில் கான்டூர், அதாவது மேடுபள்ள அளவு, எடுத்தோம். வெயிலில் பாறை கால் வைக்க முடியாதபடி கொதிக்கும். குடிதண்ணீர் மாட்டுவண்டியில் வரவேண்டும். ஆனால் காலடியில், எங்கேயோ கீழே, தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் வெடிப்பின் ஓரம் குப்புறப் படுத்து எட்டிப் பார்ப்பேன். இருட்டு. முகத்தில் குளிர்ந்த காற்று வந்து மோதும். ஈரப்பாறையின் வாசனை வரும். தண்ணீரை ஒருநாள்கூடப் பார்க்க முடியவில்லை. ராத்திரி கேம்ப் கட்டிலில் படுத்தால் அந்தச் சத்தம்தான் காதில் இருக்கும். கல்யாணமாகாத பையனுக்கு வேறு நினைப்பு வரவேண்டிய வயது. எனக்கு அந்த வெடிப்புக்குள் போகவேண்டும் என்ற ஒரே நினைப்பு.

எஸ்.டி.ஓ. தஞ்சாவூர்க்காரர். பதினோராம் நாள் எங்களைக் கூப்பிட்டார்.

"உள்ள எறங்கிப் பார்க்காம ரிப்போர்ட் எழுத முடியாதுய்யா. ஓடைத் தரையோட பெட் லெவல் வேணும். மடு எவ்வளவு ஆழம்னு வேணும். மாதப்பன் போறேங்கறான். புக் எழுத அவன்கூட ஒரு ஆள் வேணும். சின்னசாமி, நீச்சல் தெரியுமில்ல?"

ஆற்றங்கரையில் பிறந்தவர். நீச்சல் தெரியாத ஆண்பிள்ளை இருப்பான் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது.

"தெரியும் சார்" என்றேன்.

கேம்ப்பில் காற்றடித்த ஜீப் டியூப் இரண்டு இருந்தன. "ரெண்டு பேரும் நீந்துறவன்னா ஒண்ணு போதும். சாமான் மெதந்தா சரி. இன்னொண்ணு ஜீப்புக்கு இருக்கட்டும்" என்று அவரே ஒன்றை எடுத்து வைத்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

2. இறங்கியது

மாதப்பன் எங்கள் செயின்மேன், அளவுச் சங்கிலி பிடிக்கிற ஆள். என்னைவிட இரண்டு வயது பெரியவன். காவிரிக்கு அக்கரையில், கொள்ளேகால் தாலுகாவில் ஒரு குக்கிராமம் அவனுக்கு. வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ். அப்போது அக்கரையும் இக்கரையும் ஒரே ராஜ்யம். பரிசலில் வந்து வேலைக்குச் சேர்ந்தவன். என்னிடம் ‘சார்’ என்பதற்கு மேல் பேசமாட்டான்.

காலை ஆறு மணிக்கு வெடிப்பின் மேல்முனைக்குப் போனோம். சாமான்கள்: மணிலா கயிறு ஒரு சுருள், நூறடி டேப், கையில் பிடித்துப் பார்க்கிற ஆப்னி லெவல், ஆழம் பார்க்க ஈயக்குண்டு கட்டிய நூல், அளவெல்லாம் எழுதுகிற லெவல் புக். கயிறு தவிர மற்றதை மெழுகுத்துணியில் சுற்றிக் கான்வாஸ் பையில் போட்டு, பையை டியூபோடு கட்டியிருந்தோம். மத்தியானம் இரண்டு மணிக்குள் காவிரி முனையில் வெளியே வந்துவிடவேண்டும் என்பது திட்டம்.

கயிற்றை ஒரு ஆச்சா மரத்தின் அடியில் சுற்றி, இரண்டு முனையையும் உள்ளே விட்டோம். இரண்டையும் சேர்த்துப் பிடித்து இறங்கவேண்டும். இறங்கியபின் ஒரு முனையை இழுத்தால் கயிறு முழுக்க உருவிக்கொண்டு கீழே வந்துவிடும். அடுத்த இறக்கத்துக்கு அதே கயிறு. நாற்பதடி. என் உள்ளங்கைத் தோல் உரிந்தது. பாதியில் வெயில் நின்று குளிர் ஆரம்பித்தது. கீழே முழங்கால் அளவு தண்ணீர்.

மாதப்பன் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"சார், இழுத்துட்டா மேல போக வழி இல்ல. முன்னாடிதான் போவணும். இழுக்கட்டுமா?"

சொல்லியிருக்கலாம். திரும்பி ஏறியிருக்கலாம். எனக்கு முன்னால் அந்தச் சந்து வளைந்து போயிற்று. வளைவுக்கு அப்பாலிருந்து பச்சையாக ஒரு வெளிச்சம் வந்தது.

"இழு" என்றேன்.

கயிறு மரத்தைச் சுற்றிச் சரசரவென்று ஓடி, தலைக்கு மேலே பாம்பு மாதிரி நெளிந்து, தண்ணீரில் விழுந்தது.

அடுத்த இரண்டு மணி நேரத்தை எப்படிச் சொல்வது? வேலை, வேலைதான். நான் லெவலைக் கண்ணில் வைத்துக் கோணம் பார்ப்பேன், மாதப்பன் டேப்பைப் பிடிப்பான், நான் எழுதுவேன். இரண்டு கையை நீட்டினால் இரண்டு சுவரையும் தொடலாம். சுவர் முழுக்க தண்ணீர் தேய்த்த வழவழப்பு. பானைக்குள் கையை விட்டதுபோல. ஆகாயம் மேலே ஒரு நாடா. வெயில் நேரே உள்ளே வராது. ஒரு சுவரில் பட்டு, எதிர்ச்சுவரில் பட்டு, கீழே வரும்போது தேன் நிறமாகிவிடும். தகைவிலான் குருவிகள் எங்கள் காதை உரசிக்கொண்டு பறந்தன. மேலே பத்து நாள் காய்ந்துகிடந்த எனக்கு, இந்த ஈரம் இத்தனை நாள் காலடியிலேயே இருந்ததை நம்ப முடியவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு எதற்கென்று தெரியாமல் இரண்டு தடவை கண்கலங்கினேன். மாதப்பன் பார்க்காததுபோல டேப்பைச் சுற்றினான்.

3. நீள மடு

இரண்டாவது இறக்கம் தாண்டி ஒரு திருப்பத்தில் தரை முடிந்துவிட்டது. முன்னால் கறுப்புத் தண்ணீர். இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர், பிடிக்க ஒரு விரல் இடம் இல்லை. மாதப்பன் ஈயக்குண்டை விட்டான். இருபத்திரண்டு அடி போயிற்று. நீளம் அறுபது அடிக்குக் குறையாது.

அவன் சட்டையைக் கழற்றி டியூபில் செருகினான். "வாங்க சார்."

நான் நகரவில்லை.

"மாதப்பா, எனக்கு நீச்சல் தெரியாது."

அவன் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"எஸ்.டி.ஓ. கேட்டாரே சார். என் முன்னாடிதான கேட்டாரு?"

"பொய் சொல்லிட்டேன்."

"ஏன்?"

"உள்ள வந்து பார்க்கணும்னு இருந்துச்சு."

அவன் தண்ணீரை ஓங்கி அறைந்தான். சத்தம் சுவர்களில் முட்டி முட்டிப் போயிற்று. கன்னடத்தில் ஏதோ திட்டினான். பிறகு தமிழில்: "மேல கேட்டேனே! கயித்த இழுக்கறதுக்கு முன்னாடி கேட்டேனே! நீங்க செத்துப்போனா நான் மேல போயி என்னான்னு சொல்றது? என் வூட்ல புள்ளத்தாச்சி இருக்கறா சார்."

 

அவன் குரல் மாறியது. "செரி. இனிமே இங்க சார் கெடையாது. நான் சொல்றத நீ கேக்கணும். கேப்பியா, சின்னசாமி?"

"கேக்கறேன்."

முதலில் டியூபைத் தள்ளிக்கொண்டு போய்ப் பையை அக்கரையில் ஒரு பாறையில் வைத்தான். வெறும் டியூபோடு திரும்பி வந்தான். என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, டியூபை அக்குளுக்குக் கீழே கொடுத்தான்.

"காலை ஒதறாத. என்னைப் புடிக்காத. மேல பாரு. ஆகாசத்த மட்டும் பாரு."

என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு நீந்த ஆரம்பித்தான். காது தண்ணீருக்குள் போனதும் எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது. கழுத்துக்குக் கீழே உடம்பு இருக்கிறதா என்றே தெரியவில்லை. மேலே அந்த ஒல்லியான ஆகாயம் மெதுவாக நகர்ந்தது. சுவர்கள் வளைந்து, நெருங்கி, பிரிந்தன. ஒரு இடத்தில் தண்ணீரின் வெளிச்சம் சுவரில் அலையலையாக ஆடியது. இருபத்திரண்டு அடி ஆழத்துக்கு மேலே கிடக்கிறேன் என்பது நினைவில் இருந்தது. பயம் மட்டும் வரவில்லை. இது முடியக்கூடாது என்று இருந்தது. முடிந்துவிட்டது. குதிகால் மணலில் தட்டியது.

அதன் பிறகு இன்னும் மூன்று மடுக்கள். ஒவ்வொன்றிலும் அவன் பைக்கு ஒரு தடவை, எனக்கு ஒரு தடவை என்று இரட்டை வேலை செய்தான். இரண்டு மணிக்கு வெளியே இருக்கவேண்டியவர்கள், மூன்று மணிக்கு இன்னும் கால் மைல் உள்ளே இருந்தோம்.

4. தண்ணீர் வந்தது

முதலில் குருவிகள் இல்லாமல் போயின. பிறகு காலடியில் தெளிந்த தண்ணீரில் காய்ந்த இலைகள் மிதந்து வந்தன. அதன் பின்னால் மண் நிறம்.

மாதப்பன் குனிந்து தண்ணீரை அள்ளி முகர்ந்தான். "மேல எங்கியோ மழ. ஏறு!"

எங்கள் தலைக்கு மேல் ஆகாயம் நீலமாகத்தான் இருந்தது. மலைப்பக்கம் எங்கோ பெய்த கோடைமழை. பதினைந்தடி உயரத்தில் சுவரில் ஒரு திட்டு துருத்திக்கொண்டிருந்தது. அவன் முதுகைக் கொடுத்தான். தோளில் ஏறி, தலையில் கால் வைத்து, நகம் பெயரத் தொற்றி ஏறினேன். கயிற்றுச் சுருளைத் தூக்கிப் போட்டான். ஒரு முனையை இடுப்பில் சுற்றி, பாறை இடுக்கில் காலை முட்டுக் கொடுத்து உட்கார்ந்து, மறுமுனையைக் கீழே விட்டேன். அதற்குள் தண்ணீர் அவன் மார்புக்கு வந்துவிட்டது. சத்தம் லாரி வருவதுபோல இருந்தது.

அவன் கயிற்றைப் பிடித்தான். ஆனால் ஏறவில்லை. பை கட்டிய டியூப் அவனைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி மறு கையை நீட்டினான்.

"பைய விடு!" என்று கத்தினேன்.

"புக்கு! நம்ம புக்கு அதுல!"

"போனா போவட்டும்! நீ மேல வா! மாதப்பா, மேல வா!"

அவன் விரல் டியூபைத் தொட்டது. நீரின் இழுப்பில் கயிறு என் இடுப்பை அறுத்தது. நானும் சேர்ந்து போய்விடுவேன் என்று அவனுக்குப் புரிந்திருக்கவேண்டும். கையை எடுத்துக்கொண்டு ஏறினான். டியூப் ஒரு சுற்றுச் சுற்றி வளைவில் மறைந்தது. காலையிலிருந்து எழுதிய அத்தனை ரீடிங்கும் அதோடு போயிற்று.

பாய் அகலமுள்ள அந்தத் திட்டில் இரண்டு மணி நேரம் முதுகோடு முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு மூன்றடி கீழே செம்மண் தண்ணீர் மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு போனது. அவன் ஊரைப் பற்றிப் பேசினான். எங்கள் கேம்ப்பின் தெற்கு மேட்டில் நின்றால் அக்கரையில் அவன் வீட்டுப் புகை தெரியுமாம். பத்து நாளும் விடிகாலையில் அங்கே போய் நிற்பானாம்.

"எங்க தாலுகா மைசூருக்குப் போவப்போவுதாம். பேசிக்கறாங்க. போனா எனக்கும் அங்கதான் வேலை போட்டுருவாங்களோ என்னமோ."

"நீ போயிடுவியா?"

"வூடு அங்க இருக்குது. வேல இங்க இருக்குது. எங்க இருந்தாலும் இன்னொண்ணு அந்தப் பக்கமாத்தான் இருக்கும்."

என் முதுகில் அவன் மூச்சு ஏறி இறங்குவது தெரிந்தது.

வந்த வேகத்திலேயே வெள்ளம் வடிந்தது. ஆனால் கடைசி மடு பாக்கி இருந்தது, டியூப் இல்லை. மாதப்பன் கயிற்றோடு நீந்தி அப்பால் போனான். நான் மறுமுனையை மார்பில் கட்டிக்கொண்டேன். "மூச்சப் புடி" என்று கத்திவிட்டு இழுத்தான். இந்தத் தடவை ஆகாயமும் இல்லை, ஒன்றும் இல்லை. வாயெல்லாம் சேறு. இரண்டு தடவை முழுகி எழுந்தேன். அவன் காலடியில் போய் விழுந்து வாந்தியெடுத்தேன். அவன் என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

5. வெளியே

காவிரி முனையில் எஸ்.டி.ஓ. ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் எங்கள் ஆட்கள். அவர் மடியில் ஜீப் டியூப். பை அறுந்துபோய், வெறும் டியூப் எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் முன்னால் வெளியே வந்திருக்கிறது. அவர் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

எங்களைப் பார்த்ததும் எழுந்தார். "ரெண்டு பேருமா? ரெண்டு பேரும் வந்துட்டீங்களாய்யா?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் அழுததைப் பார்த்தபின் என்னால் மறைக்க முடியவில்லை. அங்கேயே சொன்னேன். நீச்சல் தெரியாது என்பதையும், அதனால்தான் நேரம் ஆனது, அதனால்தான் வெள்ளத்தில் மாட்டினோம், புக் போயிற்று என்பதையும் சொன்னேன். மாதப்பன் குறுக்கே புகுந்து, "இல்ல சார், மழதான் சார்" என்றான்.

எஸ்.டி.ஓ. ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டார். "நாளைக்குக் காலைல கிருஷ்ணகிரிக்குப் போயிடு. டிராயிங் ஆபீஸ்லயே இரு" என்றார். மெமோ கொடுக்கவில்லை. திட்டவும் இல்லை.

ஜீப் வரைக்கும் மாதப்பன் வந்தான். "போய்ட்டு வாங்க சார்" என்றான். சார் திரும்பி வந்துவிட்டது.

மறுவாரம் வேறொரு ஓவர்சியரோடு அவன் மறுபடி இறங்கினான். அந்த லெவல் புக் என் மேஜைக்கு வந்தது. அதைப் பார்த்து லாங் செக்‌ஷன், அதாவது ஓடையின் நீளவாட்டுப் படம், வரைந்தவன் நான்தான். குறிப்புப் பத்தியில் அந்த ஓவர்சியர் ‘மடு, நீந்தவும்’ என்று மட்டும் எழுதியிருந்தார். நான் போட்ட ஸ்கேலில் நீள மடு ஒன்றரை அங்குலம் வந்தது. இந்தியன் இங்க்கில் அந்தக் கோட்டை இழுத்து முடிக்க எனக்கு ஒரு காலைப்பொழுது ஆயிற்று. பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். பாறையில் விரிசல் இருப்பதாகச் சொல்லி அந்த இடத்தை நிராகரித்துவிட்டார்கள். ஷீட் ரெக்கார்டு அறைக்குப் போயிற்று. எனக்கு மறுபடி அந்தப் பக்கம் டூட்டி போடவே இல்லை.

அந்த வருடமே கிருஷ்ணகிரியில் ஒரு தோட்டக் கிணற்றுக்காரரிடம் கேட்டு, இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு, எட்டு வயதுப் பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க நீச்சல் கற்றேன். பின்னால் நானே பார்ட்டி நடத்தியபோது யாரையும் ‘நீச்சல் தெரியுமா’ என்று வாயால் கேட்டதில்லை. கிணற்றுக்குக் கூட்டிப்போய் இறங்கச் சொல்வேன். இதைப் படிக்கிற சின்ன ஓவர்சியர்களுக்கு நான் சொல்லக்கூடிய பாடம் அதுதான். ஆசை இருக்கிறவன் பொய் சொல்வான். நான் சொன்னேன்.

6. அக்கரை

மாநில எல்லை மாறியபோது கொள்ளேகால் மைசூரோடு போயிற்று. மாதப்பனும் போனான். நான் கேள்விப்படும்போது அவன் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. மூன்று வருடம் கழித்து, லீவு போட்டு, அஞ்செட்டிக்கு பஸ்ஸில் போய், காட்டில் நடந்து, பரிசலில் காவிரியைத் தாண்டி அவன் ஊருக்குப் போனேன்.

அவன் இல்லை. ஷிமோகாப் பக்கம் வேலையாம். பண்டிகைக்குத்தான் வருவானாம். அவன் மனைவி வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் கிருஷ்ணகிரி ஆபீஸிலிருந்து வருகிறேன் என்றதும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஈஜக்கே பர்தே இரோ சாரு நீவேனா?" என்று கேட்டாள். நீந்தத் தெரியாத சார் நீங்கள்தானா என்று.

"நான்தாம்மா. இப்போ நீந்துவேன். மாதப்பன்கிட்ட சொல்லணும்னு வந்தேன்."

அவள் மோர் கொடுத்தாள். தெரிந்த தமிழில், யோசித்து யோசித்துச் சொன்னாள்: "அவரு சொல்வாரு. உங்க கதைய எல்லாருக்கும் சொல்வாரு. வழி முழுக்க நீங்க சிரிச்சிட்டே வந்தீங்களாம். தண்ணிமேல படுத்து, மேல பாத்து, சின்னக் கொழந்தை மாதிரி சிரிச்சீங்களாம். அதப் பாத்துத்தான் அவருக்குக் கோவம் போச்சாம்."

நான் சிரித்தது எனக்குத் தெரியாது. அவள் சொல்லித்தான் தெரியும்.

விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கடிதம் வரவில்லை. மாதப்பனுக்கு எழுத வராது என்பது பரிசலில் திரும்பும்போதுதான் நினைவுக்கு வந்தது. வாயால் சொல்வதை நம்பாதீர்கள் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை மனதாரத்தான் எழுதினேன். ஆனால் அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் நான் கேம்ப்பிலேயே உட்கார்ந்திருப்பேன். மாதப்பன் எனக்குக் கடைசிவரை வெறும் செயின்மேனாகத்தான் இருந்திருப்பான். இன்னொரு தடவை கேட்டாலும், தெரியும் சார் என்றுதான் சொல்வேன்.